இராமன் போன முகாம்



என் மகனுக்கு 13 வயது. முதலாம் படிவம். சாரணர் இயக்கத்தில்தான் சேருவேன் என்று பாரத்தை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கப்பா" என்று நிற்கிறான். அவன் அம்மாவுக்கு மனசில்லை. "காட்டுல கூடாரம் போட்டுப் படுக்கணுமாம். என்ன சாப்பாடு போடுவாங்களோ! சனிக்கிழமை தேவார வகுப்பு என்னாகிறது?" எல்லாம் நியாயமான கவலைதான்.

எனக்குத் தசரதன் ஞாபகம் வந்தது. வேள்வியைக் காக்க இராமனை அனுப்பு என்று விசுவாமித்திரர் கேட்டதும், கேட்டதைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்த அரசன் ஆடிப்போனான். பிள்ளைக்கு இன்னும் 16 கூட ஆகவில்லை, நானே படையோடு வருகிறேன் என்றான். (முகாமுக்குப் பின்னாலேயே கார் ஓட்டிக்கொண்டு போகிற அப்பாக்கள் நம்மிடமும் உண்டு!) வசிஷ்டர் முதலில் கொடுத்த வாக்கை நினைவூட்டினார். காட்டில் ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை. தாடகை அங்கே இருக்கத்தான் செய்தாள். கூட்டிப்போகிறவர் யார், அவருக்கு என்னென்ன தெரியும், அதனால் பிள்ளைக்கு என்ன நன்மை என்பதைத்தான் எடுத்துச் சொன்னார்.

அரண்மனைப் பிள்ளை முதல் இரவு சரயு நதிக்கரையில் புல்லில் படுத்தான். விடியற்காலையில் விசுவாமித்திரர் அவனை எழுப்பியதாக வால்மீகி பாடிய சுலோகம்தான், நம் கோவில்களில் காலையில் ஒலிக்கும் வெங்கடேச சுப்ரபாதத்தின் முதல் சுலோகம். எதற்காக எழுப்பினார்? காலை வழிபாட்டுக்கு! குளித்து, வழிபாட்டை முடித்துவிட்டுத்தான் நடையைத் தொடர்ந்தார்கள். எழுப்புவதற்குக் கோசலை அங்கே இல்லை.

சாரணர் உறுதிமொழியைப் பாருங்கள். நம் நாட்டில் இறைவன், அரசர், நாடு என்றுதான் வரிசை. ஒரு தேவாரம்கூடத் தெரியாத பையன் அந்த முதல் சொல்லை எதை நினைத்துச் சொல்வான்? அதனால் தேவார வகுப்பை விட முடியாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முகாம் நடக்கும் சனிக்கிழமைக்கு மட்டும் விலக்கு.

பிறகு பொறுப்பாசிரியரைப் போய்ப் பார்த்தேன். சாப்பாட்டில் மாட்டிறைச்சி கலக்குமா? இரவில் பிள்ளைகளோடு யார் இருப்பார்கள்? இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். காலையில் இந்துப் பிள்ளைகள் சாமி கும்பிட 10 நிமிடம் கிடைக்குமா என்றேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார் மனுஷர். உடனே ஒத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டேன். முகாம் வரைக்கும் வீட்டில் அம்மா எழுப்பாமல் எழுந்து, குளித்து, திருநீறு பூசிக் கும்பிட வேண்டும் என்பது நிபந்தனை. முதல் வாரம் நாலு நாள் எழுந்தான். பரவாயில்லை.

இராமன் தனியாகப் போகவில்லை, இலட்சுமணனும் கூடப் போனான். நான்காம், ஐந்தாம் படிவத்தில் சாரணராக இருக்கும் தம்பிகளே, அந்த 10 நிமிடத்தில் சின்னப் பையன்கள் வெட்கப்பட்டுக்கொண்டு கூடாரத்துக்குள்ளேயே இருப்பார்கள். ஓர் அண்ணன் வெளியே வந்து முதலில் உட்கார்ந்தால் அவர்களும் வந்து உட்காருவார்கள். அடுத்த முகாமுக்கு யார் போறீங்க?