விதியின் மீது பழி போடலாமா?

 



சென்ற மார்கழிக் குளிரில் எங்கள் மஹல்லாவில் ஒரு ஜனாஸா நடந்தது. மாடி வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு பெண்மணி பஜ்ருக்கு முன் எழுந்து குளிக்கச் சென்றார். வெந்நீர்க் குழாயைத் தொட்டவுடன் மின்சாரம் தாக்கி அங்கேயே மௌத்தாகிவிட்டார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இரண்டு சிறு பிள்ளைகள்; மூத்தது மக்தபில் என்னிடம் ஓதும் பிள்ளை.

அன்று மைய்யித்து வீட்டில் நான் சில வார்த்தைகள் பேசினேன். அவரவர் அஜல் எழுதப்பட்டதுதான், முந்தவும் செய்யாது, பிந்தவும் செய்யாது, பொறுமை செய்யுங்கள் என்று சொல்லி துஆச் செய்தேன். சொன்னதில் பிழையில்லை. ஆனால் சொல்ல வேண்டியதில் பாதியைத்தான் சொன்னேன் என்பது பிறகே எனக்கு விளங்கிற்று.

ஏழாம் நாள் இஷாவுக்குப் பின் வீட்டின் சொந்தக்காரர் என்னைத் தேடி வந்தார். பல ஆண்டுகள் சபுராளியாக இருந்து ஊர் திரும்பியவர், தொழுகையாளி. அவர் சொன்னார்: “ஹஜ்ரத், அன்று நீங்கள் பேசியதைக் கேட்டு மனம் ஆறுதலடைந்தது. எல்லாம் அவன் விதி என்றுதானே சொன்னீர்கள்? அப்படியானால் என் மேல் ஒன்றுமில்லைதானே?”

ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்றேன். அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். மாடி வயரிங் முழுவதையும் அவரே செய்திருக்கிறார். வெளிநாட்டில் பிறர் செய்ததைப் பார்த்த பழக்கம். ஒயர்மேன் கூலி மிச்சம் என்று விளக்குக்குப் போட்ட மெல்லிய வயரிலேயே வாட்டர் ஹீட்டரையும் இணைத்தார். எர்த் கம்பி இழுக்கவில்லை. ‘குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது’ என்று வாடகைக்காரர் இருமுறை சொல்லியும், செருப்பு போட்டுக்கொண்டு குளியுங்கள் என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றிரவு அவருக்குச் சொன்னதையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

கத்ரை ஈமான் கொள்வது நம்மீது கடமை. ஆனால் விதியை நம்புவது வேறு; தன் கையால் செய்த குற்றத்தை விதியின் தலையில் ஏற்றுவது வேறு. ஷாமில் கொள்ளைநோய் பரவியபோது உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அவ்வூருக்குள் நுழையாமல் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் பதில் கூறினார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. மௌத் விதிப்படியே வந்தது. எனினும் அதற்குக் காரணமாக இருந்தவன் பொறுப்பிலிருந்து நீங்கினான் என்று எந்த இமாமும் சொல்லவில்லை. அப்படியிருந்தால் தவறுதலாகக் கொன்றவனுக்குக் கப்பாராவும் தியத்தும் குர்ஆனில் ஏன் விதிக்கப்பட வேண்டும்?

மருத்துவம் அறிந்தவன் என்று பெயர் பெறாத ஒருவன் வைத்தியம் செய்தால் அவனே ‘ளாமின்’, அதாவது ஏற்பட்ட நஷ்டத்துக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அருளியது அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய கிதாபுகளில் வந்திருக்கிறது. கவனியுங்கள்! அவன் கெட்ட எண்ணத்தோடு செய்தான் என்று அங்கே சொல்லப்படவில்லை. நல்லெண்ணத்தோடு செய்தாலும், அறியாத தொழிலில் கை வைத்ததே பொறுப்பை அவன் தலையில் ஏற்றிவிடுகிறது. உடம்பைப் பற்றி அறியாதவன் மருந்து கொடுப்பதற்கும், மின்சாரத்தைப் பற்றி அறியாதவன் வயர் இழுப்பதற்கும் என்ன வேறுபாடு?

ஷாபிஈ மத்ஹபினர் ஓதும் ‘மின்ஹாஜ்’ கிதாபில் இமாம் நவவீ ரஹிமஹுல்லாஹ் ஒரு மஸ்அலா எழுதுகிறார்கள். ஒருவன் தன் வீட்டு நடையில் கிணறு தோண்டிவைத்து ஒருவரை உள்ளே அழைக்கிறான். அழைக்கப்பட்டவர் அறியாமல் அதில் விழுந்துவிட்டால், அழைத்தவனே ளாமின் என்பதுதான் மிகவும் வெளிப்படையான சொல். தன் நிலத்தில் தோண்டிய கிணற்றுக்குப் பொதுவாக ளமான் இல்லை. ஆயினும் மறைந்து கிடக்கும் ஆபத்தைச் சொல்லாமல் ஒருவரை உள்ளே அழைத்ததால் இங்கே சட்டம் மாறுகிறது. வீட்டை வாடகைக்கு விடுவதும் உள்ளே அழைப்பதல்லவா? எர்த் இல்லாத வாட்டர் ஹீட்டர், மூடி வைத்த கிணறல்லவா?

ஹனபீ மத்ஹபின் ‘ஹிதாயா’விலோ சாய்ந்த சுவரின் மஸ்அலா இருக்கிறது. சுவர் சாய்ந்துவிட்டது, அதை இடித்துவிடு என்று உரியவர்கள் கேட்டுக்கொண்ட பிறகும், அவகாசம் இருந்தும் இடிக்காமல் விட்டு, அது விழுந்து சேதம் ஏற்பட்டால் உடையவன் பொறுப்பாளி. அவ்வாறு கேட்கும் உரிமை, சுவர் சாய்ந்திருக்கும் வீட்டில் குடியிருப்போருக்கும் உண்டு என்கிறார்கள். ‘சுர்ரென்கிறது’ என்று அந்த வாடகைக்காரர் சொன்ன நாளிலேயே இவருடைய சுவர் சாய்ந்துவிட்டது.

இவற்றைக் கேட்டதும் அவர், “ஃப்யூஸ் போட்டிருந்தேனே ஹஜ்ரத்!” என்றார். நம் வீடுகளில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இதை நான் லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஃப்யூஸும் அதற்குப் பதிலாக வந்துள்ள எம்.சி.பி. டிரிப்பரும் வயர் எரியாமல் காப்பதற்கு உள்ளவை. 16 ஆம்பியர் டிரிப்பர் அதற்கும் அதிகமான மின்சாரம் ஓடினால்தான் விழும். மனிதனைக் கொல்வதற்கோ ஓர் ஆம்பியரில் சிறு பங்கே போதும். ஆகவே ஆள் துடிக்கும்போதும் அந்த டிரிப்பர் விழாது. மனிதனைக் காப்பது எர்த் கம்பியும், கசிவு கண்டவுடன் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியுமே. வீடுகளுக்கு உரியது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும். ஈர உடம்பில் 230 வோல்ட் எளிதில் பாயும். இந்த ஞானம் இல்லாதவர் ஃப்யூஸ் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். வீட்டிலுள்ளவர்களின் உயிருக்கு அது காவலாகாது.

அரசாங்கச் சட்டமும் இதையே சொல்கிறது. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-வது விதியிலேயே, பல்பு, விசிறி, ஃப்யூஸ், சுவிட்சு போன்றவற்றை இணைப்பின் தன்மை மாறாமல் மாற்றிக்கொள்வது தவிர, மற்ற வயரிங் வேலைகளை லைசென்ஸ் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும் என்றிருந்தது. பின்னர் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளிலும் அதே ஏற்பாடு தொடர்கிறது. கவனக்குறைவால் உயிர்ச்சேதம் விளைவித்தவருக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. பழைய சட்டத்தில் இது இரண்டாண்டாக இருந்தது. இறந்தவரின் கணவனோ மனைவியோ, பெற்றோரோ பிள்ளைகளோ நஷ்டஈடு கேட்க 1855-ம் ஆண்டு உயிர்ச்சேத விபத்துச் சட்டம் இடமளிக்கிறது.

இனி, அவர் தயங்கித் தயங்கிக் கேட்ட இன்னொரு விஷயம். வீட்டின் மீது வங்கிக் கடன் இருந்ததால் காப்பீடு எடுக்கப்பட்டிருந்தது. உறவினர் ஒருவர் யோசனை சொன்னாராம்: “தெரிந்த ஒயர்மேனிடம் பணம் கொடுத்து, அவர்தான் வயரிங் செய்தார் என்று பழைய தேதியில் பில் வாங்கிவிடு. போலீஸுக்கும் பதில் ஆயிற்று, கம்பெனியும் கொடுத்துவிடும்.”

அஸ்தஃபிருல்லாஹ்! வணிக முறைக் காப்பீடு கூடாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறை ஆகுமென்றும் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1985-ல் தீர்மானித்திருக்கிறது. கடனுக்காகக் கட்டாயமாக எடுக்க நேர்ந்தவர்கள் தங்கள் நிலையை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். நான் சொல்வது அதுவல்ல. வீட்டுத் தீக்காப்பீடு சொத்துக்கானது; குடியிருந்தவரின் உயிருக்கு வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பை அது ஏற்பதில்லை. மின்கசிவாலோ ஷார்ட் சர்க்யூட்டாலோ கெட்டுப்போன அதே மின்சாதனத்துக்குக்கூட அதில் நஷ்டஈடு கிடையாது. பொய்யான விபரம் கொடுத்தால் முழு உரிமையும் போய்விடும். இதெல்லாம் துன்யாவின் கணக்கு. ஆகிரத்தின் கணக்கு என்ன? வயர் தொடாத ஓர் ஏழையின் மீது ஓர் உயிரின் பழியை எழுதி வாங்குகிறோம். நம்மை ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்திருக்க, ஒரு ஜனாஸாவை வைத்து ஏமாற்றுவதா?

“அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டு அவர் அழுதார்.

மூன்று காரியங்களைச் சொன்னேன். முதலாவது, உண்மையை உண்மையாகச் சொல்வது. இரண்டாவது, வாரிசுகளின் ஹக். தியத்தின் அளவு கிதாபுகளில் நூறு ஒட்டகைகளைக் கொண்டு கணக்கிடப்பட்டிருக்கிறது. பெண்ணின் தியத்துக்கென இமாம்கள் எழுதியுள்ள தனிக் கணக்கும் உண்டு. நம் நாட்டில் அது நீதிமன்றச் சட்டமல்ல. எனவே அதைத் தாமே ஒரு தொகையாக நினைத்துக்கொண்டு பத்தாயிரத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்கக் கூடாது. மூத்த உலமாக்களையும் வாரிசுகளையும் வைத்துப் பேசி முடிக்க வேண்டும். அவர்கள் மன்னித்தால் அது அவர்களின் தர்மம்; மன்னிக்கும்படி நெருக்குவது அநியாயம். சிறுபிள்ளைகளின் பங்கை மன்னிக்க மற்றவர்களுக்கு உரிமையில்லை. தவறுதலான கொலையில் தியத்தை ‘ஆகிலா’ எனும் தந்தைவழி ஆண் உறவினர்கள் மூன்றாண்டுகளில் தாங்க வேண்டும் என்று கிதாபுகளில் உள்ளது. இதன் ஹிக்மத்தைச் சிந்தியுங்கள்! தம்பி தவறு செய்யும்போது அண்ணனும், சிறிய தந்தையும் வாய்மூடி இருக்கக் கூடாது என்பதற்காகவே அவர்களையும் பாரத்தில் பங்காளிகளாக்கியது ஷரீஅத்.

மூன்றாவது, கப்பாரா. இது அல்லாஹ்வின் ஹக். வாரிசுகள் மன்னித்தாலும் நீங்காது. எந்தக் கம்பெனியும் கட்டாது. அடிமையை உரிமைவிடுவது இன்று இல்லாததால், இரு மாதங்கள் இடைவிடாமல் நோன்பு நோற்க வேண்டும். இடையில் ரமலானோ பெருநாளோ வராதபடி பார்த்துத் தொடங்க வேண்டும். இவ்வாறு காரணமாக இருந்து நேர்ந்த மௌத்துக்கும் கப்பாரா உண்டு என்பது ஷாபிஈ மத்ஹப். ஹனபீ மத்ஹபில் தியத் உண்டு, கப்பாரா இல்லை. அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

அவர் மறுநாளே காவல் நிலையத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். வழக்கு நடக்கிறது. வாரிசுகளோடு பேச்சு நடக்கிறது. அவர் நோன்பு நோற்றுக்கொண்டிருக்கிறார். இஃப்தார் நேரத்தில் பள்ளியின் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து அவர் பேரீச்சம்பழத்தைக் கையிலெடுக்கும்போது, அந்தப் பிள்ளைகள் இருவரும் ஹவுளடியில் விளையாடுவதைப் பார்க்கிறார். ஒயர்மேன் கூலி எவ்வளவு மலிவானது என்பதை அவரிடம் கேட்டுப் பாருங்கள்!

சகோதரர்களே! மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்தபோது, நெருப்பு உங்கள் பகைவன், உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கட்டளையிட்டார்கள். நம் சுவருக்குள் ஓடும் இந்த நெருப்பு கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே இந்த மாதமே இவற்றைச் செய்யுங்கள்:

வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ளவரிடமே கொடுங்கள். ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். குழாயோ சுவரோ சுர்ரென்றால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வாட்டர் ஹீட்டரை அணைத்துவிட்டுக் குளியுங்கள். கல்யாணப் பந்தலுக்குத் தெருக் கம்பியில் கொக்கி போடாதீர்கள். அது திருட்டு, அதோடு கொலைக்கும் வழி. ஜெனரேட்டரைத் தாமாக வீட்டு லைனில் இணைக்காதீர்கள். அந்த மின்சாரம் தெருவுக்குத் திரும்பிப் போய்க் கம்பத்தில் நிற்கும் லைன்மேனைக் கொல்லும். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. யாரையாவது மின்சாரம் பிடித்தால் முதலில் மெயினை அணையுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள்.

இத்தனையும் செய்த பின் ஒன்று நேர்ந்தால் அப்போது சொல்லுங்கள், இது அல்லாஹ்வின் நாட்டம் என்று. அந்தச் சொல் அப்போதுதான் ஆறுதலாகும். முன்னால் சொன்னால் அது சாக்குப்போக்கு.

அன்று மைய்யித்து வீட்டில் பாதியைச் சொல்லி மீதியை விட்ட இந்த ஃபகீருக்காகவும் துஆச் செய்யுங்கள். மறைந்த அந்தச் சகோதரிக்கு வல்ல நாயன் மேலான சுவனபதியைத் தந்தருள்வானாக! அவருடைய பிள்ளைகளுக்கு அவனே பாதுகாவலனாக இருப்பானாக! பிறர் உயிரின் ஹக்கைச் சுமந்தவர்களாக நம்மை மஹ்ஷரில் நிறுத்தாமல் காப்பானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.