கடைத் தேங்காயும் வழிப்பிள்ளையாரும்

நல்ல புத்தகம் ஒன்றைப் படித்து முடித்ததும் மனம் ஆள் தேடத் தொடங்கிவிடும். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், யாரையாவது படிக்க வைத்துவிட வேண்டும். வாசிப்பின் இன்பத்தில் பாதி இந்தத் தவிப்பில்தான் இருக்கிறது. ஒரே நாவலைப் படித்த இருவர் சந்தித்துவிட்டால் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது. ஒருவரை அழவைத்த பாத்திரம் மற்றவருக்கு எரிச்சலூட்டியிருக்கும். அந்த வாக்குவாதத்தில் நாவல் இன்னொரு முறை படிக்கப்பட்டுவிடும். அதற்காகத்தான் புத்தகத்தை இரவல் கொடுக்கிறோம், திரும்பி வருவது சந்தேகம் என்று தெரிந்தும்.

இன்று அதே தவிப்பு வேறு வழியிலும் தீர்கிறது. அண்மையில் வெளிவந்த நாவலின் பிடிஎஃப் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. அனுப்பியவர் யாரிடமும் காசு வாங்கவில்லை. அறிவு எல்லோருக்கும் பொது என்கிறார், மனதார நம்பித்தான் சொல்கிறார். ஒரு நண்பருக்குக் கொடுப்பது நல்ல காரியம் என்றால், இருநூறு பேருக்குக் கொடுப்பது அதைவிட நல்லதுதானே? எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது.

கொடுப்பதில் குறைவது யாருக்கு என்று பார்த்தால் வேறுபாடு புலப்படும். இரவல் கொடுத்தவரின் அலமாரியில் ஓர் இடம் காலியாகிறது. வாங்கிய நண்பர் ஊர் மாறிப் போய்விட்டால் அந்த இழப்பும் அவருடையதே. பிடிஎஃப் அனுப்பியவரிடம் எதுவும் குறைவதில்லை. குறைவதெல்லாம் அந்தக் குழுவிலேயே இல்லாத ஒருவருக்கு. தமிழில் இலக்கிய நூல்கள் பலவும் சில நூறு படிகளே அச்சாகின்றன. எழுதியவருக்குக் கிடைக்கும் உரிமைத்தொகை, மெய்ப்புப் பார்த்தவரின் கூலி, அட்டை வடிவமைத்தவரின் கூலி, கடனுக்கு வாங்கிய தாளின் விலை எல்லாம் அந்தச் சில நூறு படிகளிலிருந்துதான் வர வேண்டும். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவரிடம் பக்தி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தேங்காய்க்குக் காசு கொடுத்தவர் வேறு ஆள்.

“இவர்கள் எப்படியும் வாங்கியிருக்கப் போவதில்லை” என்ற சமாதானம் ஒன்று உண்டு. பலரைப் பொறுத்தவரை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்கும் உரிமை அனுப்புகிறவருக்கு எப்படி வந்தது? தமிழ்ப் புத்தகங்களின் முதல் சில பக்கங்களிலேயே பதிப்பகத்தின் தொலைபேசி எண் இருக்கும். கூப்பிட்டுக் கேட்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. கேட்டால் மறுப்பார்கள் என்று தோன்றுவதால்தான் கேட்காமல் அனுப்புகிறோம் என்றால், செய்வது என்னவென்று நமக்கே தெரிந்திருக்கிறது.

அதே சமயம், பூட்டி வைத்திருப்பவர் பக்கம்தான் எப்போதும் நியாயம் என்றும் ஆகிவிடாது. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் தம்மிடம் இருந்த சீவக சிந்தாமணிப் பிரதியை உ.வே.சாமிநாதையரிடம் கொடுத்தார், 1887-இல் அந்தக் காப்பியம் அச்சேறியது. ஏடுகளை யாருக்கும் தராமல் செல்லுக்கு இரையாக்கிய வீடுகளும், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வீடுகளும் அதே காலத்தில் இருந்தன. அந்த ஏடுகள் அந்தந்த வீட்டாரின் சொத்துதான். ஆனாலும் அவர்கள் செய்தது சரி என்று சொல்ல நா எழவில்லை.

இன்றும் அப்படி அழிந்துபோகக்கூடிய நூல்கள் உண்டு. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. மறுபதிப்பு இல்லை, வாரிசு யாரென்று தெரியவில்லை, பழைய புத்தகக் கடையிலும் கிடைக்கவில்லை என்ற நிலையில் ஒரு நூலை ஸ்கேன் செய்து காப்பாற்றுகிறவரைத் திருடர் என்று அழைப்பது அநியாயம். பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு ஒரு நூலை மாற்ற, உரிமையாளரின் அனுமதி தேவையில்லை என்று 2012 திருத்தம் பதிப்புரிமைச் சட்டத்தையே தளர்த்தியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாகத் தந்திருக்கிறார்கள். கொடுத்தது தங்கள் உழைப்பை, தங்கள் ராத்தூக்கத்தை. பகிர்தல் என்று அதை மனம் குளிர அழைக்கலாம்.

கடினமான இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. நூல் அச்சில் இருக்கிறது, விலை 600 ரூபாய். ஊர்ப்புற நூலகத்தில் இல்லை, மாணவி ஒருத்தியின் கையில் காசும் இல்லை. யாரோ அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்து இரவெல்லாம் படித்துவிடுகிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நூலகத்துக்கு இந்த நூலை வாங்கித் தராதவர்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், சொத்துவரியோடு நூலக வரியும் வசூலாகிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நூலை வாங்கும் வசதி இருந்தும், படியெடுத்து இருநூறு பேருக்கு அனுப்பிவைத்தவர் அவளைக் காட்டித் தப்பிக்க இடமில்லை. அவளுக்குப் படிக்கக் கொடுக்கத்தான் ஆசை என்றால், ஒரு படியை விலைக்கு வாங்கி அவளிடமே கொடுத்திருக்கலாம்.