முகம் மாறினால் அழலாமா?

கிரேவ்ஸ் என்கிற தைராய்டு நோயோடு வரும் கண்நோயில், கண்ணுக்குப் பின்னாலுள்ள தசையும் கொழுப்பும் வீங்கி விழி வெளியே துருத்தும். மேல் இமை ஏறிக்கொள்ளும். சாந்தமாய் இருக்கிற சகோதரியும் முறைக்கிறாப்போல் தெரிவாள். போட்டோ என்றால் ஒதுங்கிவிடுவாள். "உயிரா போச்சு? அழகுக்காகவா அழுறே? பெருமைதானே இது?" என்று கேட்டுவிடுகிறோம்.

பெருமையா? உள்ளத்தை மற்றவருக்குக் காட்டுவது முகந்தானே. அதுவே இல்லாத கோபத்தைக் காட்டி, பிள்ளைகள்கூடப் பயந்து விலகினால், அந்தத் துக்கம் நியாயமான துக்கம்.

ஹார்மோன் அளவு சரியான பிறகும் கண் அப்படியே இருக்கலாம், மனச்சோர்வும் நீடிக்கலாம். "ரிப்போர்ட் நார்மல்தானே" என்று வாயை அடைக்காதீர்கள். (பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு இது இன்னும் முற்றும்.) கண் டாக்டரிடம் போகும்போது, "தூக்கம் வரல, வெளியே போகப் பிடிக்கல" என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.