முதல் வகுப்பும் இருவினையொப்பும்

நெடுந்தூர விமானத்தின் முதல் வகுப்பு இன்று ஏறக்குறைய ஒரு தனி அறையாகவே மாறிவிட்டது. கதவை இழுத்து மூடிக்கொள்ளலாம். இருக்கையை நீட்டினால் முழுநீளப் படுக்கை. வேண்டிய நேரத்தில் பீங்கான் தட்டில் சாப்பாடு வரும். எமிரேட்ஸ் நிறுவனம் 2008இல் ஏர்பஸ் ஏ380 விமானங்களை இயக்கத் தொடங்கியபோது, மேல்தளத்தின் முன்பகுதியில் 14 பேருக்கு இத்தகைய அறைகளை அமைத்து, அவர்களுக்கென்று இரண்டு குளியலறைகளையும் வைத்தது. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஷவர். கீழ்த்தளத்தில் ஏறத்தாழ 400 பேர், முன்னிருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வருகிறார்கள். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் புறப்படுவதும் ஒரே நொடியில், இறங்குவதும் ஒரே நொடியில்.

தென்காசிப் பக்கத்து மக்களுக்கு விமானம் தூரத்து விஷயம் அல்ல. கடையநல்லூரிலும் செங்கோட்டையிலும் வளைகுடா நாடுகளில் ஆள் இருக்கும் வீடுகள் நிறைய உண்டு. ஆரியங்காவு கணவாய் ஏறிப் புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகிற பாதை அவர்களுக்குப் பழகிய பாதை. போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரண வகுப்புப் பயணிகள். ஆனாலும் சம்பாத்தியம் கூடி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஒரு நாள் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். கையில் காசு இருக்கிறது; சாதாரணக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கொடுத்து முதல் வகுப்பில் போவது தவறா? கணக்குப் புத்தகத்தில் இதற்கு விடை கிடையாது. போகம் என்றால் என்ன, அது உயிரை என்ன செய்கிறது என்று கேட்கிற சமயக் கேள்வி இது.

இந்தக் கேள்வியை நுணுக்கமாகப் பிரித்துப் பார்ப்பதற்கான கருவிகள் சைவ சித்தாந்தத்தில் இருக்கின்றன. அதற்கும் இந்த மலையடிவாரத்துக்கும் உறவு உண்டு. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டு சூத்திரங்களில் தந்த சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை எழுதிய சிவஞான முனிவர், பொதிகை அடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்தவர்.

சித்தாந்தம் போகத்தைப் பகையாகக் கருதுவதில்லை. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும் மாயையிலிருந்து உயிருக்காக ஆக்கித் தரப்படுபவை. உடம்பும், மனம் முதலிய கருவிகளும், வாழ உலகமும், நுகரப் பொருளும் இல்லாமல் உயிர் தன் வினையைக் கழிக்க முடியாது. ஆகவே மெத்தையில் படுத்து உறங்குவதோ வெந்நீரில் குளிப்பதோ தம்மளவில் உயிரைக் கட்டும் மலம் அல்ல. முன்செய்த நல்வினையின் பயன் இன்பமாக வந்து சேரும்போது அதை நுகர்வதும் உயிர் முதிர்வதற்கான வழியே. பட்டினி கிடந்தால்தான் பக்குவம் வரும் என்று சித்தாந்தம் எங்கும் விதிக்கவில்லை.

ஆனால் மலங்கள் மூன்று என்பதை மறந்துவிடக் கூடாது. போகம் மாயையின் காரியம். அதை நுகர வைப்பது கன்மம், அதாவது வினை. இவ்விரண்டுக்கும் முந்தியது, செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டிக் கிடக்கும் ஆணவம். வியாபகமான உயிரை அணுவைப் போலச் சுருக்கிவிடுவதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். முதல் வகுப்புச் சீட்டில் விற்கப்படுகிற சரக்கும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று உடம்புக்கான சுகம். மற்றது, ‘நான் அவர்களில் ஒருவன் அல்ல’ என்ற எண்ணம். முன்னால் ஏறவிடுவதும், தனி வாசலும், நடுவில் இழுத்துவிடும் திரையும் இந்த இரண்டாம் சரக்கைச் சேர்ந்தவை. திரையால் யாருடைய முதுகுவலியும் குறைவதில்லை. முதலாவதை நுகர்ந்தால் வினை கழியும். இரண்டாவதை நுகரும்போது இருக்கை அகலமாகிறது. உயிரோ மேலும் அணுவாகிறது.

‘அவர் கொடுத்துவைத்தவர், அனுபவிக்கிறார்’ என்று ஊரில் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். வந்து சேர்ந்த பயன் பழைய வினையின் விளைவு என்றாலும், அதை நுகரும் விதத்தில் ஆகாமியம் என்ற புது வினை ஏறிக்கொண்டே இருக்கிறது. தட்டைக் கொண்டுவந்து வைக்கும் பணிப்பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வதும், அவரை மேசையின் ஒரு பகுதியைப் போல நடத்துவதும் அதே இருக்கையில் நிகழக்கூடிய இரு வேறு வினைகள். கன்மக் கொள்கையைப் பிறருடைய நெருக்கடிக்குச் சமாதானமாகச் சொல்வதும் அதைத் தவறாகப் பயன்படுத்துவதே. தன் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளத் தரப்பட்ட விளக்கத்தை அடுத்தவர் துன்பத்தைப் பார்க்காமலிருக்கும் கண்ணாடியாக்கிக்கொள்வது பெரும் பிழை.

சித்தாந்தம் வைக்கும் உரைகல் இருவினையொப்பு. நல்வினைப் பயனும் தீவினைப் பயனும் ஒரே தட்டில் நிற்கும் மனநிலை அது. அதை விமானத்தில் சோதித்துப் பார்ப்பது எளிது. போகும்போது முதல் வகுப்பு கிடைத்து, திரும்பும்போது கடைசி வரிசையில், கழிவறைக்குப் பக்கத்து நடு இருக்கை கிடைத்தால் மனம் என்ன செய்கிறது? வழி நெடுகிலும் இழந்ததையே எண்ணிப் புழுங்கினால், போகும்போது நுகர்ந்தது போகமல்ல, அது கட்டு.

குற்றாலத்தில் இந்த முதல் வகுப்புச் சுகத்துக்கு நேர்மாறான ஓர் இன்பம் இருக்கிறது. சாரல் காலத்தில் சிற்றாற்று நீர் பேரருவியாக ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நேராக விழுந்தால் அதன் கீழ் யாராலும் நிற்க முடியாது. நடுவில் பாறையில் ஆழமாகக் குடைந்த பொங்குமாங்கடல் என்னும் பள்ளம் அந்த வேகத்தைத் தாங்கிக்கொண்டு, மனிதத் தலை பொறுக்கும் அளவுக்குத் தணித்து அனுப்புகிறது. கீழே எண்ணெய் தேய்த்த உடம்புகளின் நெரிசல். கடை முதலாளியும் அவர் கடையில் மூட்டை தூக்குபவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார்கள். கூட்டம் மிகுந்தால் காவலர் விசில் ஊதி, நின்றது போதும் என்று எல்லோரையும் ஒன்றுபோல நகர்த்துவார். பக்கத்தில் நிற்பவர் நனைவதால் யாருக்கும் குளிர்ச்சி குறைந்துவிடுவதில்லை. பகிர்ந்தாலும் குறையாத இன்பம் அது.

ஆனால் குற்றாலத்திலும் முதல் வகுப்பு உண்டு. ஐந்தருவிக்கு மேலே, அரசு தோட்டக்கலைப் பூங்காவுக்குள் விழுகிற பழத்தோட்ட அருவி முக்கியப் பிரமுகர்களுக்கென்று ஒதுக்கப்பட்டதால் வி.ஐ.பி. அருவி என்றே பெயர் வாங்கிவிட்டது. மலை ஒன்று, மழை ஒன்று, தண்ணீரும் ஒன்று. வித்தியாசம் வேலியில் இருக்கிறது. பாதுகாப்புக் காரணம் உண்மையாக இருக்கும் ஒருவருக்கு அப்படி ஓர் இடம் வேண்டியிருக்கலாம். அந்தக் காரணம் இல்லாதவர் அங்கே போய்க் குளித்தால், அருவியோடு வேலியையும் சேர்த்தே அனுபவிக்கிறார்.

இருக்கையே குற்றம் என்று சொல்லிவிட முடியாது என்பதற்குக் காந்தியின் வாழ்க்கை சான்று. 1893 ஜூன் 7 அன்று தென்னாப்பிரிக்காவில், கையில் முதல் வகுப்புச் சீட்டோடு டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்குப் போய்க்கொண்டிருந்தவரை, நிறத்தைக் காரணம் காட்டி வேறு பெட்டிக்குப் போகச் சொன்னார்கள். மறுத்ததால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இறக்கித் தள்ளினார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு அந்த இரவைக் கழித்தார். அன்று அவர் முதல் வகுப்பை விட்டுக்கொடுக்காதது சரி. 1915இல் இந்தியா திரும்பிய பின் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, அங்குள்ள அழுக்கையும் நெரிசலையும் பற்றி 1917இல் விரிவாக எழுதினார். அதுவும் சரி. முதல் முறை, மற்றவரோடு என்னைச் சமமாக நடத்து என்று கேட்டார். இரண்டாம் முறை, மற்றவரைவிட என்னை உயர்த்தாதே என்றார். இரண்டும் ஒரே அறம்தான்.

இஸ்லாத்தில் இந்தக் கேள்விக்கு ஓர் அழகான நடைமுறை உண்டு. ஹஜ், உம்ரா செல்லும் ஆண்கள் தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணிகளை அணிகிறார்கள். இஹ்ராம் எனப்படும் அந்த நிலையை, மீக்காத் என்ற எல்லையைக் கடப்பதற்கு முன்பே ஏற்க வேண்டும். ஜித்தாவுக்கு விமானத்தில் போனால் அந்த எல்லை வானத்திலேயே வந்துவிடும். விமானத்தில் அறிவிப்பும் செய்வார்கள். கடையநல்லூரில் நெசவு செய்து சிறுகச் சிறுகச் சேர்த்துப் போகிறவரும், முன்பகுதியில் தனி அறையில் அமர்ந்திருப்பவரும் அந்த நேரத்தில் ஒரே உடையில் இருப்பார்கள். திரை இருந்த இடத்தில்தான் இருக்கும். அதற்குப் பொருள் மட்டும் போய்விடும். தேவைக்கு மேல் வாரி இறைப்பதை இஸ்ராஃப் என்று அந்த மார்க்கம் தனியே கண்டிக்கவும் செய்கிறது.

தேவை எது என்பதை இன்னொருவர் அளந்து சொல்வது கடினம். முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாயைப் பேரப்பிள்ளையிடம் கூட்டிச் செல்லும் மகன் படுக்கை இருக்கை எடுத்தால் அது பணிவிடை. ஆடம்பரம் என்று அதைச் சொல்பவருக்கு மூட்டுவலி வந்ததில்லை. இறங்கியவுடன் அறுவைக் கத்தியைப் பிடிக்க வேண்டிய மருத்துவர் உறங்கி வருவதும் நோயாளிக்குத்தான் நல்லது. இவர்களைக் கழித்துவிட்டு மீதியுள்ளவர்களிடம்தான் கேள்வி நிற்கிறது.

அவர்களுக்கு, முன்னோர் அறியாத ஒரு கணக்கும் இப்போது சேர்ந்திருக்கிறது. உலக வங்கி 2013இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஒருவர் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் நிரம்பாமல் போகும் இருக்கைகளையும் கணக்கில் கொண்டு பார்த்தால், முதல் வகுப்புப் பயணியின் கரியமில வாயுப் பங்கு சாதாரண வகுப்புப் பயணியினுடையதைப் போல 9 மடங்கு வரை போகலாம் என்று காட்டியது. சாரல் தவறும் ஆண்டில் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் என்ன ஆகும் என்பது அங்கே கடை போட்டவர்களுக்குத் தெரியும். வானிலை குலைந்தால் அது திரைக்கு முன், பின் என்று பார்த்து வராது.

திருக்குறள் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. ஈகை, இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு, ஊரோடு ஒத்துப் பொதுவாக வாழ்வது. முதல் வகுப்பில் போய்விட்டு, அதே அளவு பணத்தை அன்னதானத்துக்கும் கொடுத்தால் ஈகை நிறைவேறும். ஒப்புரவு நிறைவேறுமா என்பது ஐயமே. ஒப்புரவு எப்படி இருக்கும் என்பதற்கு ரயிலில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்பின் வெறும் மரப்பலகைப் படுக்கைகளில் இரண்டு அங்குலப் பஞ்சு மெத்தை போட வைத்தார். முதல் வகுப்பிலிருந்து அவர் எதையும் பிடுங்கவில்லை; கீழே இருந்ததை மேலே தூக்கினார். செங்கோட்டையிலிருந்து மாலையில் கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸில் படுத்துறங்கி விடியலில் சென்னையில் இறங்குகிறவர்களின் முதுகுக்கு இன்றைக்கும் அந்த மெத்தைதான்.

தென்காசி என்ற ஊரே நெடும்பயணத்தின் துன்பத்திலிருந்து பிறந்ததுதான். காசிக்குப் புறப்படும் தென்னாட்டு அடியவர் பலர் போய்ச் சேருமுன்பே வழியில் இறந்துவிடுகிறார்கள், ஆகவே இங்கேயே கோயில் எடு என்று இறைவன் பாண்டிய மன்னனின் கனவில் சொன்னதாகத் தலவரலாறு கூறுகிறது. மன்னனுக்கோ பல்லக்கும் பரிவாரமும் இருந்தன. தான் மட்டும் சுகமாகக் காசிக்குப் போய்வர வழி இருந்தது. சடையவர்மன் பராக்கிரம பாண்டியன் அதைத் தேடவில்லை. நடக்க முடியாத கிழவிக்கும் எட்டும் இடத்தில் காசியைக் கொண்டுவந்து வைத்தான். 1446இல் திருப்பணி தொடங்கிற்று. அந்தக் கோயிலில் அவன் பாடலாகவே பொறித்துவைத்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. இந்தக் கோயிலைப் பிற்காலத்தில் காத்துப் பேணப்போகிறவர்கள் யாராயினும், அவர்கள் அடியில் தான் விழுந்து வணங்குவதாக அதில் அந்த அரசன் எழுதியிருக்கிறான்.