உண்ண மறுக்கும் உயிரும் ஓம்புவோர் கடனும்

அறவியல் வினாக்கள் போர்க்களத்திலும் நீதிமன்றத்திலுமே எழுவன என்று கருதுவது பலருக்கும் வழக்கம். அடுக்களை மூலையில் வைக்கப்பட்ட சிறு தட்டு ஒன்றின் முன்னும் அவை எழுவதுண்டு. பெயரால் குறிஞ்சியாகவும் நிலத்தால் நெய்தலாகவும் அமைந்த ஊர் குறிஞ்சிப்பிட்டி. ஒருபுறம் புத்தளம் களப்பும் மறுபுறம் கடலும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டைச் சேர்ந்த இவ்வூரில், மீன்பிடி வலையும் பூனையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது புதுமையன்று. அத்தகைய வீடு ஒன்றை எண்ணிக்கொள்ளலாம். பதினான்கு ஆண்டுகள் அங்கு வாழ்ந்த பூனை, சில கிழமைகளாகத் தட்டை முகர்ந்துவிட்டு அப்பாற் செல்கிறது. நேற்று விரும்பித் தின்ற சாளையை இன்று தீண்டுவதில்லை. மீன் அரியும்போது அருகே வந்து குரல் எழுப்புகிறது. கொடுத்தால் இரண்டு முறை நக்கிவிட்டு நின்றுவிடுகிறது.

செல்லம் கொடுத்துக் கெடுத்ததன் பலன் என்கிறார் வீட்டார் ஒருவர். பசித்தால் தானே தின்னும் என்கிறார் மற்றொருவர். மீன்வாடியிற் கொண்டுபோய் விட்டால் அங்கே கிடப்பதைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பது மூன்றாமவர் யோசனை. மூன்றும் பூனையைப் பற்றிய சாதாரணப் பேச்சாகவே தோன்றும். ஆயினும், முதலாவது அம்மறுப்பைக் குணக்கேடு என்று தீர்ப்பிடுகிறது. இரண்டாவது அதனைப் பூனையின் விருப்பம் என்று விட்டுவிடுகிறது. மூன்றாவது, கடமை முடிந்துவிட்டது என்கிறது. வாழ்நாள் முழுவதும் அண்டி வாழ்ந்த உயிரொன்று, தரும் உணவை ஏற்க மறுக்கும்போது, ஓம்பியவரின் கடமை எதுவரை செல்கிறது என்பதே இம்மூன்றுக்கும் அடியிலுள்ள வினா.

மூன்றாமவர் யோசனை மிகப் பழையது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமப் பெருமகன் கேற்றோ தனது வேளாண்மை நூலில், பண்ணையில் விற்றுவிடத் தக்கனவற்றுக்கு ஒரு பட்டியல் தந்தான். பழைய வண்டியும் பழைய இரும்புக் கருவிகளும் அதில் உள்ளன. முதிய அடிமையும் நோயுற்ற அடிமையும் அவற்றுக்குப் பக்கத்திலேயே உள்ளனர். கேற்றோவின் வரலாற்றைப் பின்னர் எழுதிய கிரேக்க அறிஞர் புளூட்டாக் இதனைக் கண்டு மனங்கொதித்தார். தமக்கு உழைத்த எருதைக்கூட முதுமை காரணமாக விற்கத் தமக்கு மனம் வராதென்று அவர் எழுதினார். ஏதென்சு நகரத்துப் பெருங்கோயிற் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட பின்னரும் தானாகவே வந்து மற்றவற்றின் முன்னே நடந்த கோவேறு கழுதைக்கு, அந்நகரத்தார் பொதுச் செலவிற் சாகும்வரை தீனியளித்த கதையையும் அவர் அங்கே நினைவுகூர்ந்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ற் தமது அறவியல் விரிவுரைகளில் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார். நெடுங்காலம் உண்மையாகத் தொண்டு செய்த நாயை, அது தொண்டு செய்ய இயலாத நிலையிலும் இறக்கும்வரை பேணவேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் அவர் காட்டிய காரணம் நாயைப் பற்றியதன்று. விலங்கிடம் கொடியவனாக இருப்பவன் மனிதரிடத்தும் கொடியவனாவான் என்பதே அவர் அச்சம். அவர் கணக்கின்படி நாய்க்கு நேராகச் செலுத்தவேண்டிய கடன் எதுவுமில்லை. அது மனித குலத்துக்குச் செலுத்தும் கடனின் நிழல் மட்டுமே. 1789 ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் ஆங்கிலேய அறிஞர் பெந்தம் இதற்கு மாறாக, விலங்கு சிந்திக்குமா பேசுமா என்பதை விட்டு, அது துன்புறுமா என்று கேட்கவேண்டும் என்றார். கேள்வி நேரானதுதான். எனினும் இவ்வீட்டுச் சிக்கலுக்கு அது மட்டும் போதாது. மீன்வாடியைச் சுற்றித் திரியும் பிற பூனைகளும் துன்புறுகின்றன. இப்பூனைக்கு மட்டும் ஏன் தனிக்கடமை?

விடையை நெடுந்தூரம் சென்று தேடவேண்டியதில்லை. இக்கரையோர முஸ்லிம் மக்கள் சிறுவயதிலேயே கேட்டறியும் நபிமொழி ஒன்றுண்டு. பூனையொன்றைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண்ணொருத்தி அதன் பொருட்டுத் தண்டனைக்கு உள்ளானாள் என்பது அது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றது. அவள் செய்த குற்றத்தின் அமைப்பு கூர்ந்து நோக்கத் தக்கது. அவள் அதற்குத் தானும் உணவளிக்கவில்லை. நிலத்துச் சிற்றுயிர்களைத் தின்று பிழைக்க அதனை அவிழ்த்துவிடவுமில்லை. அங்கே அறம் இரண்டு வழிகளைத் திறந்து வைக்கிறது: ஊட்டலாம், அல்லது விட்டுவிடலாம். இரண்டையும் அடைத்ததே பாவம்.

இளம் பூனைக்கு இவ்விரு வழிகளும் உண்மையிலேயே உள்ளன. முதிய பூனைக்கோ இரண்டாம் வழியை முதுமையே அடைத்துவிட்டது. கண் மங்கிவிட்டது, மூட்டுகள் இறுகிவிட்டன, பல் ஆடுகிறது, மீன்வாடியில் வலிய பூனைகளோடும் நாய்களோடும் மோதி ஒரு குடலைக்கூட அதனால் இழுத்துவர இயலாது. கதவு திறந்தே கிடக்கிறது, ஆனாலும் அது கட்டப்பட்ட பூனைதான். வலைகளை எலி கடியாமற் காத்த ஆண்டுகளெல்லாம் அந்த வீட்டையே தன் உலகமாகக் கொண்டு வாழுமாறு அது பழக்கப்படுத்தப்பட்டது. தனிக்கடமை பிறப்பது இங்கேதான். மீன்வாடியில் விடுவதைக் கட்டவிழ்ப்பது என்று சொல்வது சொல்லைத் திரிப்பதாகும்.

எனவே ஊட்டுவது ஒன்றே எஞ்சிய வழி. ஆனால் ஊட்டுதல் என்பது யாது? தட்டை வைத்துவிட்டால் கடன் தீர்ந்ததா? இரண்டாமவர் கூற்று இங்கே குறுக்கிடுகிறது. பசித்தால் தின்னும், தின்னாவிடின் அது அதன் விருப்பம் என்பது கேட்பதற்கு மதிப்பளிப்பது போலவே ஒலிக்கிறது. தமிழ் மரபு உண்ணாமையை உயர்ந்த செயலாகவும் கண்டதுண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் துறந்ததும், நட்பின் பொருட்டுப் பிசிராந்தையார் அவனோடு வடக்கிருந்ததும் புறநானூற்றால் அறியப்படுவன. ஆனால் வடக்கிருத்தல் என்பது பசியை உணர்ந்து அதனை ஒரு காரணத்துக்காகக் கடந்து நிற்பது. காரணத்தைப் பிறர் கேட்கலாம், மறுத்து வாதிடலாம். பூனையின் மறுப்புக்குப் பின்னே அத்தகைய தீர்மானம் இருப்பதாகக் கொள்ள இடமில்லை. பெரும்பாலும் அது வேண்டாம் என்று சொல்லவில்லை, முடியவில்லை என்கிறது.

இதனை உடலியல் தெளிவாகக் காட்டுகிறது. பூனையின் சுவை மொட்டுகள் சில நூறே. மனிதருக்குப் பல ஆயிரம். இனிப்பை உணரும் மரபணு பூனையிற் செயலிழந்துவிட்டதென 2005 ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆகவே உணவைத் தேர்வதில் அது நாக்கைக் காட்டிலும் மூக்கையே நம்புகிறது. முதுமையில் மோப்பம் மங்கினாலும், சளியால் மூக்கடைத்தாலும், தட்டிலிருப்பது உணவென்றே அதற்குத் தோன்றாது. முதிய பூனைகளிடம் மிகப் பரவலான சிறுநீரக நோய் இடையறாத குமட்டலைத் தருகிறது. பசியோடு தட்டை நோக்கி வந்து, முகர்ந்து, திரும்பிச் செல்லும் நடத்தை பலவேளை இதனால் விளைவது. ஈறு புண்பட்டிருந்தால் ஒரு துண்டை வாயிலெடுத்துக் கீழே போட்டுவிடும். மறுப்பை நடிப்பென்று சொல்பவர் அதன் வாயைத் திறந்து பார்த்தாரா என்பதே முதலிற் கேட்கத் தக்கது.

பட்டினி போட்டுப் பணியவைக்கும் முறை மனிதப் பிள்ளையிடம் பலிக்கலாம்; பூனையிடம் அது ஆபத்தானது. சில நாட்கள் உண்ணாதிருக்கும் பூனையின் உடற்கொழுப்பு ஈரலிற் சென்று படிந்து உயிருக்கே கேடு விளைவிக்கும். பருத்த பூனையில் இது விரைந்து நேரும். ஒரு நாள் முழுவதும் எதையும் தொடாத முதிய பூனையை மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று கூறுவது இதனாலேயே. ஈண்டு அறியாமை கொடுமையின் தொழிலையே செய்துவிடுகிறது.

அன்பும் அறிவின்றித் தவறலாம். வீட்டார் தாம் விரும்பும் கறியையே அதற்கும் பிசைந்து வைப்பர். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பன. சுவை கூட்டக் கருவாடு போடுவர். நோயுற்ற சிறுநீரகத்துக்கு அவ்வுப்பு பெருஞ்சுமை. காய்ச்சலென்று எண்ணிப் பனடோலின் ஒரு துண்டைக் கொடுப்பர். பூனைக்கு அது கொடிய நஞ்சு. பச்சை மீனை மட்டுமே தொடர்ந்து கொடுத்தாலும் கேடுண்டு: சிலவகை மீன்களிலுள்ள நொதி தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழித்துவிடும். டோரின் என்ற சத்துக் குறைந்தால் பூனையின் இதயத்தசை நலிவதை 1987 ஆம் ஆண்டில் கலிபோர்னியா ஆய்வாளர் நிறுவினர். அச்சத்து நீரிற் கரைவது. எனவே உப்பும் சரக்கும் சேர்க்காது அவித்த மீனை அவித்த நீரோடு கொடுப்பதே தக்கது. இந்நீர் வேறொரு வகையிலும் உதவுகிறது. வறண்ட நிலக் காட்டுப்பூனையின் வழிவந்த இவ்விலங்கு இயல்பாகவே நீர் குறைவாகப் பருகுவது.

செய்யத்தக்கன எளியவையே. உணவை உடற்சூட்டளவுக்கு இளஞ்சூடாக்கினால் மணம் எழும். முள் நீக்கி மசித்து, மீசை உரசாத தட்டையான தட்டில், சிறிது சிறிதாகப் பலமுறை வைக்கலாம். பிற பூனையும் கோழியும் அணுகாத அமைதியான இடம் வேண்டும். கழுத்தைக் குனிய நோகுமாயின் தட்டைச் சற்று உயர்த்தலாம். விரல் நுனியிற் சிறிது எடுத்து நீட்டினால் உண்ணத் தொடங்கும் பூனைகளும் உண்டு. இவையெல்லாம் பொறுமையைக் கோருவன, பொருட்செலவு சிறிது.

மருந்தை மீனுள் மறைத்துக் கொடுப்பது சிக்கலான வேறொன்று. நன்மைக்காகச் செய்யும் வஞ்சனை குற்றமாகுமா என்னும் பழைய வினா இங்கே உயிரோடு எழுகிறது. விலங்குக்கு வஞ்சனை விளங்காது என்று எளிதில் தள்ளிவிடலாகாது. ஓர் உணவுக்குப் பின் குமட்டல் கண்ட விலங்கு அவ்வுணவையே நெடுநாள் வெறுக்கும் என்பதை 1955 ஆம் ஆண்டில் ஜோன் கார்சியா எலிகளைக் கொண்டு காட்டினார். கசப்பான மருந்தை விருப்பமான மீனில் ஒளித்தால், மருந்தும் போகும், மீனும் போகும். அதை நீட்டும் கையின் மீதுள்ள நம்பிக்கையும் போகக்கூடும். இவ்வகையில் வாய்மை வெறும் விதியாக நிற்காமல் உணவின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. மருந்தை வேறு வேளையில், வேறாகக் கொடுப்பது கடினம். ஆயினும் அதுவே நேர்மையும் பயனும் உடையது.

வைணவ மெய்யியலில் வடகலையார் குரங்குக் குட்டியையும் தென்கலையார் பூனைக்குட்டியையும் உவமையாகக் கொண்டனர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாமலே தாயின் வாயிற் கவ்வப்பட்டுச் செல்லும். அருளுக்கு உயிரின் முயற்சி வேண்டுமா என்பது அவர்தம் வழக்கு. முதிய பூனை இவ்விரு உவமைகளிலும் அடங்காதது. அது பற்றிக்கொள்ளவும் இல்லை, சுமக்கவும் இசைவதில்லை. வாயைப் பிளந்து உணவைச் செலுத்தினால் அது மூச்சுக்குழலிற் புகலாம். அச்சம் மிகுந்து அடுத்தநாள் மனிதரைக் கண்டே ஒளியலாம். அருள் எவ்வளவு பெரிதாயினும், பெறுவதன் இசைவு சிறிதேனும் இன்றி ஒரு கவளமும் இறங்குவதில்லை.

மனிதர் பசித்திருக்கப் பூனைக்கு இத்துணைப் பாடா என்ற தடை எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிபொருளின்றிப் படகுகள் கரையிற் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. பிள்ளையின் தட்டுக்கும் பூனையின் தட்டுக்கும் இடையே தெரிய நேர்ந்தால், பிள்ளையின் தட்டே முதலில் நிறைய வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தகைய தெரிவு மெய்யாகவே நேரும் வேளைகள், அது சாக்காகக் கூறப்படும் வேளைகளிலும் குறைவு. நான்கு கிலோகிராம் எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி போதும். கரையில் மலிவாகக் கிடைக்கும் சிறுமீனில் இரண்டு மூன்று கைப்பிடியில் அது அடங்கும். கேட்கப்படுவது பெரும்பாலும் பொருளன்று, கவனமே.

கவனத்துக்கும் எல்லை உண்டு. பல்லும் பார்க்கப்பட்டு, மருந்தும் கொடுக்கப்பட்டு, இளஞ்சூட்டு மீனும் பலமுறை வைக்கப்பட்ட பின்னரும் அது தலையைத் திருப்பிக்கொள்ளும் நாள் வரலாம். அப்போது தொடர்ந்து ஊட்ட முயல்வது யாருக்காக என்று வீட்டார் தம்மையே கேட்கவேண்டும். பூனையின் பசிக்காகவா, தம் மனச்சான்றின் அமைதிக்காகவா? வலியற்ற முடிவைத் தரும் ஊசியை மேனாட்டில் இயல்பாக ஏற்பர். இலங்கையிற் பல வீடுகள் சமயத்தின் பொருட்டும் பழக்கத்தின் பொருட்டும் அதற்குத் தயங்கும். இரு நிலைப்பாடுகளிலும் கருணை இருக்கக்கூடும், எதிலும் அவசரம் இருக்கக்கூடாது. ஊசியை ஏற்காத வீட்டில் எஞ்சுவன சில: நிழலில் ஒரு சாக்கு, எட்டும் தூரத்தில் நீர், வாயை நனைக்க ஈரத்துணி. தட்டையும் அங்கேயே வைத்திருப்பர், ஆனால் அதை அதன் முகத்துக்கருகே தள்ளமாட்டார்கள்.