யார் துரத்தினார்கள்?

ஆங்கிலத்தில் 'ரெச்சட்' என்றொரு பெயரடை உண்டு. அகராதியைத் திறந்தால் துயருற்ற, பரிதாபமான என்று பொருள் இருக்கும். கொஞ்சம் கீழே போனால் இழிவான, கேடுகெட்ட என்றும் இருக்கும். உடம்பு முடியாமல் கிடப்பவர் தன் நிலையைச் சொல்வதும் இந்தச் சொல்லால்தான். சார்ஜ் ஏறாத போனைத் திட்டுவதும் இதே சொல்லால்தான். துன்பப்படுகிறவனையும் கேவலமானவனையும் எப்படி ஒரே சொல்லால் அழைக்க முடிகிறது?

பழைய ஆங்கிலத்தில் 'ரெச்சா' என்றால் நாடு கடத்தப்பட்டவன். அதற்கும் அடியில் இருப்பது 'துரத்து' என்று பொருள்படும் வினைச்சொல். ஆக, முதலில் அது ஒரு சம்பவம்: ஒருவனை யாரோ துரத்தினார்கள். பிறகு அது நிலைமை ஆயிற்று: துரத்தப்பட்டவன் கஷ்டப்படுகிறான். கடைசியில் குணமாகவே ஆகிவிட்டது: அவன் ஆளே அப்படித்தான்.

சிக்கல் இந்த மூன்றாவது படியில்தான். முதல் இரண்டும் அவனுக்கு நடந்தவை. மூன்றாவது, வேடிக்கை பார்த்தவர்கள் செய்தது. அவன் பிறவியிலேயே இழிந்தவன் என்றால், துரத்தியது யார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எவ்வளவு வசதி!

இப்படித்தான் ஆகவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. அதே வேரிலிருந்து ஜெர்மனில் வந்த 'ரெக்கே' என்ற சொல்லுக்கு வீரன் என்று பொருள். நாடிழந்து அலைந்தவனை ஒரு மொழி அற்பனாக்கியது, இன்னொன்று நாயகனாக்கியது. ஆள் ஒருவன்தான், பார்த்த கண்தான் வேறு.

நம்ம பேச்சு மட்டும் என்ன வாழுதாம்? "பாவம்டா அவன்" என்கிறோம். இரக்கப்படவும் பாவம், செய்த குற்றத்துக்கும் பாவம். உச்சுக்கொட்டும்போதே ஒரு தீர்ப்பும் சேர்ந்து வந்துவிடுகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அதற்காக இரக்கமே கூடாது என்று சொல்லவில்லை. இரக்கம் இல்லாவிட்டால் அந்த மனிதன் நம் கண்ணிலேயே பட மாட்டான். ஆனால் பெயரடையோடு நின்றுவிடும் இரக்கம் சீக்கிரம் சலித்துப்போகும். சலிப்பிலிருந்து இளக்காரத்துக்கு ரொம்ப தூரமில்லை.

1961ல் பிரெஞ்சில் வெளிவந்த ஃபிரான்ஸ் ஃபனோனின் புகழ்பெற்ற நூல், ஆங்கிலத்துக்குப் போனபோது அதன் தலைப்பில் இந்த 'ரெச்சட்' வந்து அமர்ந்தது. அல்ஜீரியாவில் மனநல மருத்துவராக வேலை பார்த்தவர் ஃபனோன். காலனியாட்சியில் நொறுங்கிய மனிதர்களை அவர் வெறும் நோயாளிகளாகப் பார்க்கவில்லை. அவர்களை நொறுக்கியது எது என்று கேட்டார். பெயரடைக்குள் புதைந்து கிடந்த வினையைத் தோண்டி எடுப்பது என்றால் அதுதான்.

அடுத்த முறை ஒருவரைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று வாய் வரும்போது, கூடவே ஒரு வினையையும் எழுவாயையும் தேடிப் பார்க்கலாம். யார், என்ன செய்தார்கள்? சில சமயம் அந்த எழுவாய் 'நாம்' என்றும் இருக்கக்கூடும்.