தோலுக்குத் தீட்டு, நாதத்துக்கு?

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். பேகம்பூர்ப் பக்கம் போனவர்களுக்கோ தோல் ஷாப்பின் வாடைதான் முதலில் நினைவுக்கு வரும். அங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் பழனி. அந்த ஊர்ப் பெயரோடு மிருதங்க உலகை ஆண்டவர் பழனி சுப்ரமணிய பிள்ளை (1908–1962).

மிருதங்கத்துக்குப் பலாக்கட்டை மட்டும் போதாது. பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். கணீரென்று ஒலிக்கும் முகமான வலந்தலையில் கிட்டப் பொடியையும் சோற்றையும் குழைத்து, படலம் படலமாகத் தேய்த்தால்தான் கரணை என்ற கரிய வட்டம் பேசும். கச்சேரிக்கு முன் மறுமுகமான தொப்பியில் ரவை அப்ப வேண்டும். சிவன் ஆட நந்தி வாசித்தது என்று போற்றப்படும் வாத்தியம் இது. சரஸ்வதி பூஜையன்று இதற்குச் சந்தனம், குங்குமம். ஆனால் தோலை உரித்துப் பதப்படுத்தியவர் குடியிருந்தது ஊருக்கு வெளியே.

செத்த மாட்டின் தோல் தீட்டு என்றால், அதில் எழும் நாதம் மட்டும் எப்படிப் புனிதமாகும்?

பதப்படுத்தினால் தீட்டு கழியும் என்று ஒரு சமாதானம் உண்டு. மான்தோலில் அமர்ந்து ஜபம் செய்வதும் வழக்கம்தான். அப்படியானால் தீட்டு தோலில் இல்லை, தொட்ட கையில்தான் ஏற்றப்பட்டிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் இதைக் காட்டிவிட்டார். கோயில் முரசுகளுக்குப் போர்வைத்தோலும் வாரும் கொடுத்தவர் பெரியபுராணத்து நந்தனார். அவர் கொடுத்த தோல் உள்ளே போனது; அவர் வாசலில் நின்றார்.

கைக்கு வந்த சோதனை பழனி சுப்ரமணிய பிள்ளையையும் விடவில்லை. அவர் இடக்கைக்காரர். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமானால் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும், சிலர் மறுத்தார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை விடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பீச்சாங்கை என்று ஒதுக்கிய கைதான் வலந்தலையில் சொற்களைக் கொட்டியது. வலக்கை தொப்பியில் எழுப்பிய கும்கி என்ற குழைவொலியை ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

சுப்ரமணிய பிள்ளையின் தந்தை முத்தையா பிள்ளைக்குக் குரு, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் கட்டிவந்தார்கள். வனவிலங்குச் சட்டம் வந்தபின் அது குற்றம். ஆனாலும் கஞ்சிரா ஓயவில்லை. ஜாஸ் கிதார்காரர் ஜான் மெக்லாஃப்லினின் சக்தி குழு 2023இல் வெளியிட்ட ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்தில் வி. செல்வகணேஷின் கஞ்சிரா ஜாகிர் உசேனின் தபலாவோடு உரையாடுகிறது. தாளக் கணக்கு தெரியாதவரும் தலையாட்டிக் கேட்கும் ஆல்பம் அது. 2024இல் கிராமி பெற்றது.

வாசித்தவர் பெயர் ஆல்பத்தின் உறையில் இருக்கும். தோலை மூட்டியவர் பெயர்? மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலை எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைச் சென்னைக் கலை நிறுவனமான கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது.

இப்போது செயற்கைத் தோல் மிருதங்கமும் கிடைக்கிறது. மாட்டைத் தொட வேண்டியதில்லை. மூட்டுப் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டுக்குப் போக வேண்டியதுமில்லை.